கை கழுவும் இடத்தில் சொன்னது

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் இடுப்பு வலி தேவலையா? அத்தான் அந்த இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாரா, இல்லை இன்னமும் "தானா போயிரும்"தானா?

ஒரு கெட்ட செய்தி. பதறாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வியாழக்கிழமை நான் லீவு. இவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. நான் வழக்கமாக ஓட்டுகிற புது வண்டியை அன்று காலை முதல் டிரிப்புக்கு நிதானம் அண்ணன் எடுத்துப் போனார். உனக்கு அவரைத் தெரியும். என் கல்யாணத்துக்கு எல்லாருக்கும் கடைசியாக வந்து, எல்லாருக்கும் கடைசியாகப் போனாரே, அவர்தான். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார் என்பதால் டிப்போவில் வைத்த பெயர். முப்பது வருடத்தில் ஒரு கீறல் விழாத மனிதர். சந்தை தாண்டி வருகிற இறக்கத்தில் பிரேக் போட்டிருக்கிறார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் மோதிவிட்டது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அண்ணனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது. இன்னும் இருபது நிமிடம் கழித்து என்றால் அந்தச் சுவர் ஓரத்தில் பிள்ளைகள் நின்றிருப்பார்கள்.

முதல் நாள் அந்த வண்டியை டிப்போவில் கொண்டு வந்து விட்டது நான். எங்களிடம் குறை நோட்டு என்று ஒன்று உண்டு. வண்டியில் என்ன கோளாறு என்று டிரைவர் அதில் எழுத வேண்டும். மெக்கானிக் அதைப் பார்த்து, சரி செய்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி வெளியே போகலாம். பிரேக் இழுப்பதாக நோட்டில் எழுதியிருந்தது, அந்தப் பக்கத்தை மெக்கானிக்குகள் கிழித்துவிட்டார்கள் என்று டிரைவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நோட்டில் ஒரு பக்கம் கிழிந்துதான் இருக்கிறது. அன்று அந்த வண்டிக்குக் கையெழுத்துப் போட்டது மச்சான்.

ஆமாம், இவளுடைய அண்ணன்தான். வீடு எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேறு நாற்காலி கேட்டால் டாக்டருக்கே நாற்காலி இல்லை என்கிறார்கள். அத்தானின் இருமல் போய்விட்டது, தானாகத்தான். அந்தப் பெருமையை வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை.

உன் கடிதம் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வண்டியில் நீ இருந்திருக்க வேண்டியது. எலும்பு முறிவுப் பகுதியில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவள் நான். ஒரு நாளைக்கு அறுபது பேர் காலைப் பார்க்கிறேன். நான்கு நாளாக எந்தக் காலைப் பார்த்தாலும் உன் கால் மாதிரியே தெரிகிறது.

எழுதி வைத்ததைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவன், மாட்டிக்கொண்டதும் பக்கத்தைக் கிழிக்கிறவன், அவன் சொந்தக்காரனாக இருந்தால் என்ன, யாராக இருந்தால் என்ன? நீ இளகிவிடாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த வியாதி உண்டு. எவனாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் கையில் இருக்கிற மிட்டாயைக் கொடுத்துவிடுவாய். இந்த முறை ஒரு அடி பின்வாங்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என் தம்பி எழுதி வைத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுக்கிறவர் உன்னை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்காதே. அவளுக்கு அண்ணன் பக்கம்தான் மனசு போகும். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். உங்கள் நலத்துக்கும் எழுது. நிதானம் அண்ணனுக்கு இரண்டாவது தடவையாக ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. டிரைவர்கள் கூட்டமாகப் போனபோது எனக்கு டியூட்டி.

டிப்போ முன்பு போல இல்லை. முதல் வாரம் முணுமுணுப்புதான். அப்புறம் எங்கள் ஆட்கள் மெக்கானிக்குகளுக்குக் "கிழிச்ச கை" என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் எங்களைச் "சுவருமுட்டி" என்றார்கள். பெயர் வைத்ததும் ஆளுக்கு ஆள் பேசுவது நின்றுவிட்டது. யார் எது செய்தாலும் "அவனுங்க செஞ்சானுங்க" என்றுதான் வருகிறது. அவர்கள் ஸ்பேனர் அலமாரியைப் பூட்டினார்கள். நாங்கள் கழுவாத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஒரு டிரைவரின் சீட்டில் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தது. மறுநாள் மச்சானின் சைக்கிளில் இரண்டு டயரும் கிழிந்து கிடந்தன. யார் செய்தது என்று இரண்டு பக்கமும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை. வண்டிகள் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்புகின்றன. பயணிகள் கண்டக்டர்களைத் திட்டித் தீர்க்கிறார்கள்.

டிரைவர் சங்கத்தில் ஒலிபெருக்கி என்று ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசினாலும் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "இவன் எழுதினான், அவனுங்க கிழிச்சானுங்க" என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார். எனக்கு டீ கொடுக்காமல் யாரும் குடிப்பதில்லை. மச்சானை வேலையை விட்டு நீக்கச் சொல்லி மனு எழுதுகிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம்.

என்ன செய்யலாம் என்று எழுது. இல்லை, எழுதாமல் இருந்தாலும் பரவாயில்லை.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசையுடன். நாங்கள் சுகம்.

எழுதாமல் இருக்கிறதாவது. போடு கையெழுத்தை. சொந்தக்காரன் என்று நீ தயங்கினால் கால் போன மனிதருக்கு யார் பதில் சொல்வது? நீ கையெழுத்துப் போடாவிட்டால், குடும்பம் என்றதும் குழைந்துவிட்டான் என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பேர் வேண்டாம்.

உன் மனைவிக்கும் தனியாக நாலு வரி எழுதிப் போட்டிருக்கிறேன். யாராவது ஒருவர் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

அன்புடன் அக்கா

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நாலு வாரமாக நீ அந்த ஆவலைத் தீர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாயா? மனு என்ன ஆயிற்று? உன் மனைவியிடமிருந்தும் ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

உடம்பு சரியில்லையா? ஒரு கார்டு போடு.

அக்கா

ஏப்ரல் 15

மதிப்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்குப் பல் வலி போய்விட்டது. மற்றபடி நலம் என்று எழுத வரவில்லை.

உங்கள் கடிதம் ஒரு மாதத்துக்கு முன்பே வந்தது. "கொலைகாரக் கை" என்று என் அண்ணனை எழுதியிருந்தீர்கள். நான் அதை இரண்டு நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்து, பிறகு உங்கள் தம்பியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, மடித்து, திரும்பவும் அங்கேயே வைத்துவிட்டார்.

மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. எனக்கு அது காய்கறிக் கடையில் ஒரு கண்டக்டரின் மனைவி சொல்லித் தெரிந்தது. அண்ணனை விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் போனால் ஓடாத சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நீங்க கிழிச்சீங்களாண்ணா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். "அப்ப அவர் எழுதலையா?" என்றேன். "திருகை மிதிச்சிராதே, தள்ளி உக்காரு" என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வந்தது.

இவரிடமும் ஒரே ஒரு தடவை கேட்டேன், "எழுதினீங்களா?" என்று. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குப் போவதில்லை. நான் யாரோடு சண்டை போடுவது என்றுகூடத் தெரியாமல் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அண்ணி. மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டால் அவர் சொல்வார். கேட்கிற மாதிரி கேளுங்கள். மே இருபதாம் தேதி விசாரணை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டப் போவதில்லை, அதனால் கடைசி வரை படி.

உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு நேற்று மதியம் முழுக்கப் பார்த்தேன். எழுதியிருந்தது என்று டிரைவர்கள் சொல்கிறார்கள். இவன் எழுதினான் என்று ஒலிபெருக்கி சொல்கிறார். என் தம்பி எழுதினான் என்று நான் ஒரு ஆஸ்பத்திரிக்கே சொல்லியிருக்கிறேன். நான் எழுதினேன் என்று நீ மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.

எழுதினாயா? இல்லை என்றாலும் நீ எனக்குத் தம்பிதான். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

அக்கா

மே 5

அக்காவுக்கு,

எழுதவில்லை.

புதன்கிழமை வண்டியை விட்டுவிட்டுக் கை கழுவும் இடத்துக்குப் போனேன். பக்கத்துக் குழாயில் மச்சான் கிரீஸ் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "பிரேக் போட்டா ஒரு பக்கமா இழுக்குது மச்சான், பாத்துக்குங்க" என்றேன். "நோட்டுல எழுதிட்டுப் போ மாப்ளே" என்றார். "எழுதிடறேன்" என்றேன். நோட்டுப் பக்கமே போகவில்லை, நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். பிரேக் என்று எழுதினால் வண்டியை மூன்று நாள் நிறுத்திவிடுவார்கள். பிறகு அந்தப் புது வண்டி யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது, எனக்கு ஒரு ஓட்டை வண்டி வரும். இன்னொன்று, ஒரே மாதத்தில் மூன்று குறை எழுதினால் மேனேஜர் கூப்பிட்டு, "உனக்கு வண்டி ஓட்டத் தெரியலையா?" என்பார். நான் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு எழுதியிருந்தேன். இங்கே பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். எழுதாமல் ஒருவரிடம் சொல்லிவிட்டால் வேலையும் நடக்கும், கணக்கிலும் வராது.

பொய் நான் வாயால் சொல்லவில்லை, அக்கா. மோதிய வண்டியை இழுத்து வந்து டிப்போவில் நிறுத்தியபோது, செய்தி கேட்டு ஓடி வந்த என்னைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். சீட்டுக்குக் கீழே ரத்தம் இருந்தது. ஒலிபெருக்கி, "பிரேக் இழுக்குதுன்னு நீ எழுதித்தானே வச்சே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் யாரோ நோட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. எவன் எதைத் துடைக்கக் கிழித்தானோ. என் தலையாட்டலும் அந்தக் கிழிசலும் சேர்ந்து, நான் வாய் திறப்பதற்குள் கதை வளர்ந்து நின்றது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

நான் எழுதவில்லை என்று மச்சானுக்குத் தெரியும். அவர் நினைத்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். தங்கச்சி வீடு என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். மனுவில் அவர் பெயருக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நீ படித்த பிறகு என்ன நினைப்பாய் என்பதும் ஒரு பயம்.

தம்பி

மே 12

அன்புத் தம்பிக்கு,

படித்தேன். என்ன நினைப்பேன் என்று கேட்டாய். முதலில் என்னைப் பற்றித்தான் நினைத்தேன். என்ன செய்யலாம் என்று நீ மார்ச் மாதம் கேட்டாய். யோசிக்காமல் போடு என்று சொன்னது நான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று இங்கே பெருமை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன், என் தம்பி எழுதவில்லை என்று. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு என் வேலையில் தெரியும். கால் உடைந்து வருகிறவர்கள் முதல் வாரம் வலி தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. மூன்றாவது வாரம் யாருடைய தப்பு என்று கேட்க ஆரம்பிப்பார்கள். சரியான பதில் கிடைக்காதவர்கள் எலும்பு கூடிய பிறகும் நடக்க மாட்டேன் என்கிறார்கள். நிதானம் அண்ணன் மூன்று மாதமாகத் தப்பான பதிலை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். மேனேஜரிடம் போவதற்கு முன்னால், சங்கத்துக்குப் போவதற்கு முன்னால், அவரிடம் போ. விசாரணைக்கு எட்டு நாள்தான் இருக்கிறது.

வேலை போனாலும் போகட்டும் என்று என்னால் சுலபமாக எழுத முடியவில்லை. போகாமல் இருந்தால் நல்லது. ஆனாலும் போ. உன் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் நான் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். அது என் பாடு, அதில் நீ தலையிடாதே.

அன்புடன் அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் முன்னைக்கு நலம். உன் இடுப்புக்குப் புது நாற்காலி வந்துவிட்டதாக இவள் சொன்னாள். நீங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

நிதானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காலை இரண்டு தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். சொன்னேன். அவர் மனைவி கொண்டுவந்த தண்ணீரை எனக்குக் கொடுக்காமல் திருப்பி எடுத்துப் போனார். நான் எழுந்து போகலாமா என்று நினைத்தபோது அண்ணன் பேசினார்.

"என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னு பாக்காதே. நான் மன்னிச்சா உனக்கு முடிஞ்சிரும், டிப்போவுக்கு முடியாது."

"எல்லார்கிட்டயும் சொல்றேண்ணே."

"இனிமே நீ ஓட்டற வண்டியில என் பேரப்பிள்ளைய ஏத்த மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்க."

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் டயர் கிடங்கில் இரண்டு பக்கமும் கூடியது. அண்ணன் கேட்டதால்தான் மெக்கானிக்குகள் வந்தார்கள். அவரை நாற்காலியோடு தூக்கி வந்தோம். மச்சானும் வந்து ஓரமாக நின்றார். நான் எழுதவில்லை, பொய்யாகத் தலையாட்டினேன், பொய் மனுவில் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். ஒலிபெருக்கிக்கு முதல் முறையாகக் குரல் வரவில்லை. பிறகு வந்தது. என்னைச் சொன்னதை எழுத முடியாது. மெக்கானிக்குகள் பக்கத்திலிருந்து ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "நாலு மாசம் எங்கள நாய் மாதிரி நடத்துனீங்களே" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.

அண்ணன் ஊன்றுகோலால் தகரத்தில் தட்டினார். "கால் போனது எனக்கு. அதனால நான் சொல்றபடி பேசலாம். அவனவன் தான் செஞ்சத மட்டும் சொல்லணும். அடுத்தவன் செஞ்சத யாரும் சொல்லக் கூடாது. சொல்ல ஒண்ணும் இல்லாதவன் வீட்டுக்குப் போகலாம்."

சிலர் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் மூலையிலிருந்து ஒரு டிரைவர், "நானும் போன வாரம் கிளட்ச் கோளாற எழுதாம வாயால சொல்லிட்டுத்தான் போனேன்" என்றார். ஒரு மெக்கானிக், "எழுதுன குறை ஜாஸ்தியானா எங்களைக் கேள்வி கேக்கறாங்க. எழுதாம சொல்லுங்கன்னு நான்தான் ரெண்டு பேர்கிட்டச் சொல்லி வச்சேன்" என்றார். சைக்கிள் டயரைக் கிழித்தவர் வாய் திறந்தபோது, அவர் ஒலிபெருக்கியின் மச்சினன் என்று தெரிந்தது. ஆயில் ஊற்றினவனும் சொன்னான். ஒரு நாளில் முடியவில்லை. ஐந்து கூட்டம் நடந்தது, இரண்டு கூட்டம் சண்டையில் முடிந்தது.

கடைசியில் ஆறு டிரைவரும் ஆறு மெக்கானிக்கும் சேர்ந்து மேனேஜரிடம் போனார்கள். குறையை எண்ணி ஆளைக் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டும், அதுதான் எல்லாரையும் மறைக்க வைத்தது என்றார்கள். வண்டியை விடும்போது டிரைவரும் மெக்கானிக்கும் சேர்ந்து உட்கார்ந்து டிப்போவுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகு இருவரும் கையெழுத்துப் போடுவது என்று இப்போது வழக்கம் ஆகியிருக்கிறது. பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. பலருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்கிறார்கள்.

விசாரணையில் எனக்கு ஆறு மாதம் ஸ்டியரிங் கிடையாது என்று முடிவாயிற்று, யார்டில் வண்டி கழுவுகிறேன். டீ கொடுக்க யாரும் இல்லை. நிதானம் அண்ணனுக்கு ஒரு கால் குட்டை, இனி வண்டி ஓட்ட மாட்டார். அதை எந்தக் கூட்டம் போட்டும் சரி செய்ய முடியாது.

மச்சானை வேலையில் சேர்த்துவிட்டார்கள். யாரிடம் வாயால் சொன்னேன் என்று நான் கூட்டத்தில் சொல்லவில்லை, அண்ணன் போட்ட நிபந்தனை அப்படி. மச்சான் ஐந்து கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. செய்யாத தப்புக்குப் பழி சுமந்தவர் என்று இப்போது எல்லாரும் அவருக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்கும் வருவதில்லை. இவள் ஒன்றும் கேட்பதில்லை.

உன் தம்பி

ஜூலை 3

மதிப்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் அனைவரும் நலம் என்று தங்கச்சி சொன்னாள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. உங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

கொலைகாரக் கை என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். அதோடு எனக்குப் பெரிய மனசு என்றும், தங்கச்சிக்காகப் பழியைத் தாங்கிக்கொண்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் எழுதியது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இரண்டாவதைத்தான் வைத்திருக்க முடியவில்லை.

மாப்பிள்ளை அன்று என்னிடம் சொன்னது உண்மை. எழுதச் சொன்னதும் உண்மை. காலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். அவர் எழுதவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. எழுதியிருந்தால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அன்று ஆள் குறைவு. எழுதாததைப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிரேக் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன். சாவியை நிதானம் அண்ணன் கையில் கொடுத்ததும் நான்தான்.

நாலு மாதம் நான் பேசாமல் இருந்தது தங்கச்சிக்காக இல்லை. அவர் எழுதவில்லை என்று நான் சொன்னால், உன்னிடம் வாயால் சொன்னேனே என்று அவர் சொல்வார். அவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் வரை நான் பக்கத்தைக் கிழித்தவன் மட்டும்தான், அது நான் செய்யாதது. செய்யாத தப்புக்குப் பழி சுமப்பது, செய்ததைச் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது. கூட்டத்தில் அவர் என் பெயரைச் சொல்லிவிடுவார் என்று ஐந்து தடவையும் காத்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். சொல்லாததால் ஆள் ஆளுக்கு எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். மூன்று வாரம் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தேன்.

போன திங்கட்கிழமை நானாகவே ஒரு கூட்டம் கேட்டேன். இதையெல்லாம் சொன்னேன். நிதானம் அண்ணன் இப்போது வண்டி போகிற வருகிற நேரம் குறிக்கிற டைம் ஆபீசில் உட்காருகிறார். அவர் கேட்டுவிட்டு, "இப்பத்தான் எனக்கு முழுசாத் தெரிஞ்சுது" என்றார். எனக்கும் ஆறு மாதம் கையெழுத்து அதிகாரம் கிடையாது. உங்கள் தம்பியோடு யார்டில் போட்டிருக்கிறார்கள். அவர் தண்ணீர் அடிக்கிறார், நான் தேய்க்கிறேன். இரண்டு பக்கத்து ஆட்களும் எங்களோடு உட்காருவதில்லை. ஆனால் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் ஒன்றாக உட்காருகிறார்கள், வண்டிகள் நேரத்துக்குக் கிளம்புகின்றன.

மூன்று நாள் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம். நாலாவது நாள் தங்கச்சி காலையிலேயே என் வீட்டுக்கு வந்து, நான் எடுத்து வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் பார்த்தால் உங்கள் தம்பி கையில் ஒரே ஒரு பெரிய டப்பா. இரண்டு பேர் சாப்பாட்டையும் ஒன்றாகப் போட்டு, ஒரே ஒரு கரண்டி வைத்து அனுப்பியிருக்கிறாள்.

டப்பாவைக் கீழே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்தோம். பிறகு மாப்பிள்ளை, "பசிக்குது மச்சான்" என்றார். யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாது. டப்பா காலியாகத்தான் வீட்டுக்குப் போனது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மச்சான்